முள் இறங்கிய பிறகு

"இந்த இரும்பு ஏன் மேடம் இவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்குது?"

கலியபெருமாள் உட்காரக்கூட இல்லை. வாசலில் நின்றபடியே கேட்டார். வெயிலில் நடந்து வந்த களைப்பும் பல நாளாக அடக்கிவைத்திருந்த கோபமும் சேர்ந்து அவருக்கு மூச்சு வாங்கியது.

ரெஜினா மேசையில் குனிந்து ஒரு உடைந்த கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"எந்த இரும்பு?"

"எந்த இரும்பா? எல்லா இரும்பும்தான்!"

"என்ன நடந்துச்சு?"

அவர் சொன்னார். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம் கட்டிக்கொடுத்திருந்தார். மண்டபக்காரர் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கூரைமேல் பெரிய தண்ணீர்த் தொட்டியை ஏற்றிவிட்டார். ஒரு முகூர்த்த நாளில், பந்தி நடந்துகொண்டிருக்கும்போது, கூரையை இழுத்துப் பிடித்திருந்த கம்பிகள் நீண்டு கொடுத்துவிட்டன. கூரை தொங்கிப்போயிற்று.

"தூளி மாதிரி தொங்குது மேடம். சாந்து உதிர்ந்து பாயசத்துல விழுது."

"உள்ள எத்தனை பேர்?"

"முழுப் பந்தி."

"எத்தனை பேருக்கு அடி?"

"யாருக்கும் இல்லை. அண்ணாந்து பார்த்தாங்க, எழுந்து ஓடிட்டாங்க. எச்சில் கையோட."

"பின்ன என்ன?"

"பின்ன என்னவா? ஊரே சிரிச்சுது மேடம்!"

ரெஜினா மறுபடி கொக்கியிடம் குனிந்துகொண்டார்.

திருச்சிக்குக் கிழக்கே, துவாக்குடித் தொழிற்பேட்டையின் கோடியில் இருந்தது அந்தத் தகரக் கூடம். உடைந்ததெல்லாம் அங்கேதான் வரும். லாரி அச்சு, பாரந்தூக்கியின் கொக்கி, பஸ்ஸின் வில்பட்டை. உடைந்த முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எங்கே தொடங்கியது, எப்படி ஓடியது என்று ரெஜினா சொல்லிவிடுவார்.

அதற்கு முன் கல்லூரியில் உலோகவியல் நடத்தியவர். மாணவர்கள் கேள்வி கேட்பதில்லை என்று சலித்துப்போய் வேலையை விட்டதாக அவர் சொல்வார். கேட்ட கேள்விக்கு அவர் பதில் சொன்னதில்லை என்று மாணவர்கள் சொல்வார்கள்.

கலியபெருமாளைவிடப் பல வயது சின்னவர்.

"எனக்கு விட்டுக்கொடுக்காத இரும்பு வேணும்" என்றார் கலியபெருமாள். "எதுன்னு தெரியிற வரைக்கும் நான் இங்கேருந்து போறதா இல்லை."

"போகாதீங்க. அந்தக் கம்பியை மாட்டி இழுங்க."

இப்படித்தான் அவர் சீடரானார்.

மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். கட்டிட வேலையை மேஸ்திரி தலையில் கட்டிவிட்டு, கல்யாண மண்டபத்துக்காரரின் போனை எடுக்காமல், காலையில் பஸ் ஏறி வந்து கம்பி இழுத்தார்.

கூடத்தின் நடுவில் ஆளுயர இயந்திரம். மேலும் கீழும் இரண்டு தாடைகள். கம்பியை நட்டுக்குத்தலாக மாட்டி வால்வைத் திருகினால் எண்ணெய் அழுத்தத்தில் தாடைகள் விலகும். எவ்வளவு சுமை என்று காட்ட ஒரு பெரிய வட்டம். அதில் இரண்டு முட்கள். கறுப்பு முள் சுமையோடு ஏறும், இறங்கும். சிவப்பு முள்ளைக் கறுப்பு தள்ளிக்கொண்டு போகும். கறுப்பு இறங்கினாலும் சிவப்பு எட்டின உச்சியிலேயே நின்றுவிடும்.

மண்டபத்தில் போட்ட அதே சாதாரணக் கம்பி. முள் விறுவிறுவென்று ஏறும். ஓரிடத்தில் தயங்கும். கொஞ்சம் பின்வாங்கும். கம்பியின் மேலிருக்கிற கருஞ்செதில் பொருக்குப் பொருக்காக உதிரும்.

அங்கேதான் கலியபெருமாளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"பாருங்க! பாருங்க மேடம், விட்டுடுச்சு!"

"முள்ளைப் பாருங்க."

முள் மறுபடி ஏறத் தொடங்கியிருக்கும். மெதுவாக, ஆனால் தயங்கிய இடத்தைத் தாண்டி, அதற்கும் மேலே.

"இப்ப ஏறி என்ன பிரயோசனம்? குனிஞ்சது குனிஞ்சதுதானே?"

"அப்படியா?"

அந்த 'அப்படியா'வைக் கேட்டால் அவருக்குத் தலையை எங்காவது முட்டிக்கொள்ளலாம் போலிருக்கும்.

"ஆமாவா இல்லையா, ஒண்ணு சொல்லுங்களேன் மேடம்."

"இன்னொரு கம்பி மாட்டுங்க."

இதற்கு நடுவே தங்கை போன் செய்வாள்.

நீடாமங்கலத்தில் பழைய வீட்டில் அப்பா படுத்த படுக்கையாக இருந்தார். பக்கவாதம். முதலில் பிள்ளைகள் எல்லாரும் முறை வைத்துப் பார்த்தார்கள். பிறகு சென்னையில் இருந்த பெரியண்ணனுக்கு முட்டி வலி வந்தது. ஓசூரில் இருந்த தம்பிக்கு மகளின் பரீட்சை வந்தது. கலியபெருமாளுக்கு இரும்பு வந்தது. கல்யாணம் செய்துகொள்ளாத தையல்நாயகி, பாலர் பள்ளி வேலையை விட்டுவிட்டு அங்கேயே தங்கிப்போனாள்.

"அண்ணே, அப்பா மூத்திரக் குழாயைப் பிடுங்கிப் போட்டுட்டாரு."

"நான் வேலையா இருக்கேன் தையலு."

"அண்ணே, உதவிக்கு வந்த பொம்பளை நின்னுட்டா. ராத்திரி முழுக்கக் கண்ணு மூடலை."

"வேற ஆள் பாரேன்."

"யாரு வர்றா? நீ ஒரு நாள் வந்து பாரு, தெரியும்."

"சும்மா சும்மா போன் போட்டுக் கத்துனா நான் என்ன பண்ணுவேன்?"

வைத்துவிட்டு ரெஜினாவிடம் புலம்புவார். "ஒரு நாள் நிம்மதியா இருக்க விடறாளா பாருங்க. எதுக்கெடுத்தாலும் ஒரு பாட்டு."

ரெஜினா அதற்கு 'அப்படியா'கூடச் சொல்லமாட்டார்.

ஒரு நாள் ரெஜினா வேறொரு கம்பியை எடுத்துக் கொடுத்தார். பார்வைக்கு அதே மாதிரி இருந்தது. "இது கெட்டி ரகம். வலையைப் போட்டுக்கிட்டு இழுங்க."

கலியபெருமாள் இயந்திரத்துக்கு முன்னாலிருந்த கம்பிவலையை இழுத்து மூடினார். வால்வைத் திருகினார்.

முள் ஏறிற்று. மற்றக் கம்பிகள் தயங்குகிற இடம் வந்தது. இது தயங்கவில்லை. மற்றவை எட்டுகிற உச்சி வந்தது. அதையும் தாண்டிற்று. செதில் உதிரவில்லை. கம்பி ஒரு மயிரிழை மெலியவில்லை. விறைத்து நின்றது.

"இதான் மேடம்!" அவர் கூவினார். "இதைத்தான் நான் கேட்டேன்! பாருங்க எப்படி நிக்கிதுன்னு! இதை விட்டுட்டு இத்தனை நாளா என்னைப் போட்டு..."

வெடித்தது.

தீபாவளிக்கு ஓலைவெடி காதோரம் வெடித்த மாதிரி. ஏதோ ஒன்று வலையில் மோதி விழுந்தது. தகரக் கூரை அதிர்ந்து அடங்கியது. கலியபெருமாள் தரையில் உட்கார்ந்திருந்தார். எப்போது உட்கார்ந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

காது இரைச்சல் அடங்க நேரமாயிற்று. பிறகு கோபம் வந்தது.

"முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல மேடம்?"

"நான் சொல்றது இருக்கட்டும். அது சொல்லுச்சா?"

ரெஜினா துண்டை எடுத்து அவர் கையில் வைத்தார். முறிந்த முகம் தட்டையாக இருந்தது. சர்க்கரை தூவினது போல மின்னியது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இலை இலையாக உட்கார்ந்திருந்த ஒரு பந்தி அவர் கண்முன் வந்தது. கொட்டிக் கவிழ்ந்த சாம்பார் வாளி, அண்ணாந்து பார்க்கும் முகங்கள், அண்ணாந்து பார்க்க நேரமே இல்லாத முகங்கள்.

அன்று மதியம் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

விட்டுக்கொடுக்காத இரும்பைப் பற்றி அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. ஆனாலும் வந்துகொண்டிருந்தார். ஏன் என்று ரெஜினா கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்கும் சொல்லத் தெரிந்திருக்காது.

இதற்குள் தங்கையின் போன் குறைந்துவிட்டது.

இவராகப் பேசினாலும் ரெண்டு வார்த்தைதான்.

"அப்பா எப்படி இருக்காரு?"

"இருக்காரு."

"உனக்கு எதாவது வேணுமா?"

"ஒண்ணும் வேணாம்."

பிறகு அதுவும் நின்றது. வாட்ஸப்பில் குடும்பக் குழுவில் பெரியண்ணன் எழுதியிருந்தார்: 'தையல் நல்லாப் பழகிட்டா. இப்ப ஒரு பிரச்சினையும் இல்லை.' ஓசூர்த் தம்பி கட்டைவிரலை உயர்த்தியிருந்தான். கலியபெருமாள் கும்பிடு போட்டார்.

தையல்நாயகி எதுவும் போடவில்லை.

"வீட்டுத் தொல்லை ஒரு வழியா ஓய்ஞ்சுது மேடம்" என்றார் அவர், டீ குடிக்கும்போது. பல நாளுக்குப் பிறகு அவர் குரலில் ஒரு லேசு இருந்தது. "தங்கச்சி இப்பல்லாம் கத்துறதே இல்லை."

ரெஜினா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"டீயைக் குடிச்சிட்டு வாங்க. இன்னைக்கு ஒரு கம்பி இழுக்கணும்."

சாதாரணக் கம்பிதான். ஆனால் இந்த முறை கம்பி நெடுகச் சம இடைவெளி விட்டுப் புள்ளிகள் குத்தச் சொன்னார். கலியபெருமாள் முணுமுணுத்துக்கொண்டே குத்தினார்.

இழுத்தார். முள் தயங்கியது, செதில் உதிர்ந்தது, மறுபடி ஏறியது. ரெஜினா நிறுத்தச் சொல்லி அளக்கச் சொன்னார். புள்ளிகள் எல்லாம் விலகியிருந்தன, எல்லாம் ஒரே மாதிரி. கம்பி எங்கும் ஒரே அளவில் மெலிந்திருந்தது.

"இழுங்க."

முள் உச்சிக்குப் போய் நின்றது. பிறகு கறுப்பு முள் இறங்கத் தொடங்கியது. சிவப்பு மேலேயே நின்றது.

கலியபெருமாள் சிவப்பு முள்ளின் எண்ணை வாய்விட்டுப் படித்துவிட்டு, கை துடைக்கத் துணியைத் தேடினார். "அவ்வளவுதான் மேடம். உச்சி தாண்டியாச்சு. இனிமே இதுல பார்க்க ஒண்ணுமில்லை, சுமை இறங்குது."

"நிறுத்துங்க."

வால்வை மூடினார். கம்பி முறியாமல் நின்றது.

"பாருங்க."

"என்னத்தை?"

"கம்பியைப் பாருங்க சார். முள்ளையே பார்த்துக்கிட்டு இருந்தா எப்படி? கண்ணு எதுக்கு இருக்கு?"

ரெஜினா இதுவரை அவரிடம் குரலை உயர்த்தியதில்லை. அவர் அரண்டுபோய்க் குனிந்தார்.

கம்பியின் நடுவுக்குக் கொஞ்சம் கீழே ஓரிடம் மட்டும் உள்வாங்கியிருந்தது. இடுப்பு ஒட்டின மாதிரி. தொட்டுப் பார்த்தார். அந்த இடம் மட்டும் சுட்டது.

"அளங்க."

"இங்க ரொம்ப மெலிஞ்சிருக்கு. பாதிதான் இருக்கும்."

"மத்த இடமெல்லாம்?"

புள்ளி புள்ளியாக அளந்துகொண்டு போனார். மறுபடி அளந்தார். முகம் சுருங்கியது. "மத்த இடம் அப்படியே நிக்குது மேடம். முன்னே நிறுத்துனப்ப இருந்ததுக்கு அப்புறம் ஏதோ கொஞ்சம்தான். நீள்றதெல்லாம் இந்த ஒரு இடம்தான்."

"மத்ததுக்கெல்லாம் சுமை?"

"குறைஞ்சிருக்கு. அதான் முள்ளு சொல்லுதே."

"இந்த இடத்துக்கு?"

"இதுக்கும் குறைஞ்ச..."

நிறுத்திக்கொண்டார்.

சாக்கட்டியை எடுத்துத் தரையிலேயே கணக்குப் போட்டார். உச்சியில் இருந்த சுமை, அப்போதைய குறுக்களவு. இப்போதைய சுமை, இந்த ஒட்டிப்போன இடத்தின் குறுக்களவு. வகுத்தார். அழித்துவிட்டு மறுபடி வகுத்தார்.

"மேடம்."

"சொல்லுங்க."

"இதுமேல ஏறிக்கிட்டே போயிருக்கு. உச்சியில தாங்குனதைவிட இப்ப ரொம்ப அதிகமாத் தாங்குது."

"முள்ளு?"

"இறங்குது."

கலியபெருமாள் சாக்கட்டியைப் பிடித்தபடி குந்தியிருந்தார். கூடத்துக்கு வெளியே ஒரு லாரி பின்னால் வருகிற சத்தம் கேட்டது. யாரோ 'வா, வா, வா' என்று கத்திக்கொண்டிருந்தார்கள். முப்பது வருஷமாக எத்தனையோ கம்பியின் உச்சி எண்ணைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர் அவர். உச்சிக்கு அப்புறம் நடப்பதை ஒரு நாளும் பார்த்ததில்லை. குடும்பக் குழுவில் தான் போட்ட கும்பிடு நினைவுக்கு வந்தது.

"இதை இப்ப எப்படிக் காப்பாத்துறது?"

ரெஜினா எழுந்து வந்து வால்வைத் திறந்துவிட்டார். எண்ணெய் இரைந்து இறங்கியது. கறுப்பு முள் சரிந்து வந்து சுழியத்தில் நின்றது.

"பழையபடி ஆகிடுமா?"

"ஆகாது."

"பின்ன?"

"முறியாது."

கலியபெருமாள் எழுந்தார். வேட்டியில் ஒட்டின சாக்கட்டிப் பொடியைத் தட்டவில்லை. கைகூடக் கழுவவில்லை.

"எங்க சார்?"

"நீடாமங்கலம்."

"போங்க" என்றார் ரெஜினா. முதல் நாளிலிருந்து அவர் கனிவாகச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

தஞ்சாவூர் போகிற பஸ்ஸில் நிற்கத்தான் இடம் இருந்தது. ஒரு கையால் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு தையல்நாயகிக்குப் போன் போட்டார். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டார். எடுக்கவில்லை.

பெரியண்ணனைக் கூப்பிட்டார்.

"நான் ஊருக்குப் போறேன். நீயும் கிளம்பி வா."

"என்னடா ஆச்சு அப்பாவுக்கு?"

"அப்பாவுக்கு ஒண்ணும் ஆகலை."

"பின்ன எதுக்குடா? இப்பதான் எல்லாம் சரியாப் போயிட்டு இருக்கு. தையல் ஒண்ணும் சொல்லலையே?"

"சொல்லலை. அதனாலதான் போறேன்."

"உனக்கு வெயில்ல மூளை கலங்கிடுச்சா?"

"முட்டி வலியோடயே வா. உக்காந்துக்கிட்டாவது பார்க்கலாம். நீ வரலைன்னா நான் சென்னைக்கே வந்து இழுத்துட்டு வருவேன்."

பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அடுத்ததாக ஓசூருக்குப் போட்டார்.

தஞ்சாவூரில் பஸ் மாறி நீடாமங்கலத்தில் இறங்கும்போது பிற்பகல். வீட்டு வாசற்கதவு ஒருக்களித்திருந்தது. கூடத்தில் அப்பா கண்மூடிக் கிடந்தார். துவைத்த போர்வை, வாரிவிட்ட தலை, பக்கத்தில் மூடிவைத்த தண்ணீர்ச் சொம்பு. எல்லாம் ஒழுங்காக இருந்தது. யார் வந்து பார்த்தாலும் ஒரு குறை சொல்லமுடியாது.

கொல்லையில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் கேட்டது.

தையல்நாயகி குழாயடியில் நின்றிருந்தாள். குழாய் திறந்திருந்தது. கீழே வாளி நிரம்பி வழிந்து, முற்றம் நனைந்து, அவள் பாதம் வரை தண்ணீர் நின்றது. அவள் கையில் அப்பாவின் மலத்தட்டு. அதை அலம்பத்தான் வந்திருக்கவேண்டும். அலம்பவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

கலியபெருமாள் போய்க் குழாயை மூடினார்.

சத்தம் நின்றதும் அவள் திரும்பினாள். அவரை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"நீயா? என்ன, எங்கயாவது கையெழுத்துப் போடணுமா?"

"இல்லை."

"ஒண்ணுமில்லாம வரமாட்டியே."

பஸ்ஸில் வரும்போது என்னென்னவோ சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தார். அதையெல்லாம் விட்டுவிட்டு அவள் கையிலிருந்த தட்டைப் பிடித்தார். அவள் விடவில்லை.

"விடு தையலு. நான் பார்க்கறேன். நீ போய்ப் படு."

"எத்தனை நாளைக்கு?"

பழைய கலியபெருமாளாக இருந்தால் அங்கேயே எகிறியிருப்பார். வந்தவுடனே ஆரம்பிச்சுட்டியா என்று கேட்டிருப்பார்.

"தெரியாது" என்றார். "பெரியண்ணனை வரச் சொல்லியிருக்கேன். தம்பியையும். வர்ற வரைக்கும் நான் போகலை."

இருவர் கையும் தட்டில் இருந்தது. உள்ளேயிருந்து அப்பா ஏதோ குழறினார். வழக்கமாக அந்தக் குரலுக்கு அவள் ஓடுவாள். இப்போதும் ஒரு கால் எடுத்து வைத்தாள். பிறகு நின்றாள். கை மெல்லத் தளர்ந்தது. தட்டு முழுக்க அவர் பக்கம் வந்து, எதிர்பார்த்ததைவிடக் கனமாக ஒருபுறம் சாய்ந்தது.

"ஐயோ, அப்படிப் பிடிக்காதே!" அவள் கத்தினாள். பழைய குரல். பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். "ரெண்டு கையாலும் பிடி. சிந்தும்!"